நிரப்பிய வட்டங்கள்

மருத்துவமனைச் சாப்பாட்டில் உப்பே இருக்காது என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் மருத்துவமனையில் உப்பு சரியாகத்தான் இருந்தது. உணவியல் நிபுணர் ஆவதற்கான பயிற்சியில் முதல் வாரம் முழுக்க நான் உப்புதான் அளந்தேன், அதனால் உறுதியாகச் சொல்ல முடியும். படுத்துக்கிடப்பவர்களுக்கு நாக்கு செத்துப்போகிறது, அவ்வளவுதான். பெரியவர் இறந்த விஷயத்தில் சமையற்காரர்களுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. விசாரணைக் குழுவினராகிய நீங்கள் அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வட்டத் தாளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஒன்று தொங்கும். வேளைக்கு ஒரு வட்டம். தட்டை எடுத்துப்போவதற்குள் பயிற்சி மாணவி போய்ப் பார்த்து, நோயாளி எவ்வளவு சாப்பிட்டாரோ அந்த அளவுக்கு வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். பாதி சாப்பிட்டால் பாதி வட்டம், எல்லாம் சாப்பிட்டால் முழு வட்டம். மூன்று நாள் தொடர்ந்து கால் வட்டத்தைத் தாண்டவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிடுவார்கள், சாப்பாட்டை மாற்றுவார்கள், அதற்கும் சரிப்படாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் வைப்பார்கள். நர்ஸும் டாக்டரும் பார்ப்பது தாளைத்தான். அவர்கள் வரும்போது தட்டு கழுவப் போயிருக்கும்.

நான் படித்த கல்லூரியில் இதே தாள் தலைகீழ். மீதி இருப்பதைக் கறுப்பாக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். பயிற்சிக்கு வந்த ஒன்பதாம் நாள் எட்டுப் பேருடைய தாளை நான் கல்லூரி வழக்கப்படி நிரப்பிவிட்டேன். சாயங்காலமே கண்டுபிடித்தார்கள். யாருக்கும் ஒரு தலைவலிகூட வரவில்லை.

எங்கள் பிரிவின் தலைமை நிபுணரைப் பெரிய மேடம் என்போம். அவர் அந்த எட்டுத் தாளிலும் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டு அறிவிப்புப் பலகையில் குத்திவைத்தார். மறுநாள் எங்கள் கல்லூரித் தாளை எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. வாங்கி மேசையில் போட்டு, அதன்மேல் டீ டம்ளரை வைத்தார்.

"நீ சொல்றதெல்லாம் எனக்கு வேண்டாம்மா. ஆயிரம் பேர் ஆயிரம் சொல்லுவாங்க. தாள்ல என்ன இருக்கோ அதைத்தான் நான் நம்புவேன்."

சுற்றிலும் பதினோரு பயிற்சி மாணவிகள் நின்றார்கள். ஒருத்தி சிரிப்பை அடக்க இருமினாள். அன்றிலிருந்து எனக்கு முழுவட்டம் என்று பெயர். "முழுவட்டம் வந்தாச்சா?", "முழுவட்டத்துக்கு ஒரு டீ" என்று சமையற்கட்டு வரைக்கும் பரவியது. பெயர்கூடப் பரவாயில்லை. ஆறு மாதம் முடியும்போது எனக்கு வேறொரு மருத்துவமனையில் வேலை காத்திருந்தது. பெரிய மேடம் பயிற்சிச் சான்றிதழில் கையெழுத்துப் போடாமல் இன்னும் மூன்று மாதம் நீட்டினார். அந்த வேலைக்கு இருமியவள் போனாள். அம்மா போனில், "சும்மாவா நீட்டுவாங்க? அப்படி என்னடி தப்பு பண்ணே?" என்று கேட்டாள். விளக்கிச் சொன்னேன். "சரி, சரி" என்றாள். பெற்ற தாயின் அந்த "சரி, சரி"யைக் கேட்டபோது பெரிய மேடத்தை நான் எவ்வளவு வெறுக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

அதன்பிறகு என் தாளில் யாரும் ஒரு குறை கண்டதில்லை. ஏழாம் மாதம் பெரிய மேடத்தின் அப்பா இடுப்பெலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சைக்கு வந்தார். சொந்தக்காரர்களின் உணவை நாமே பார்க்கக் கூடாது என்பது விதி. பெரிய மேடம் எல்லோர் முன்னாலும் என்னைக் காட்டி, "இவகிட்ட குடுங்க. இப்ப நம்மகிட்ட இவளை மாதிரி சுத்தமா எழுதறவ யாருமில்ல" என்றார். ஆறு மாதம் முன்னால் கேட்டிருந்தால் மனம் குளிர்ந்திருக்கும்.

பெரியவர் நல்ல மனிதர். பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாவற்றையும் இரண்டு முறை திரும்பிப் பார்ப்பார். சிகிச்சைக்குப் பிறகு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முதல் நாள் இரண்டு ஸ்பூன் சூப். இரண்டாம் நாள் அதுவும் இல்லை. நான் முழு வட்டம் போட்டேன். ஓரம்கூடப் பிசகாமல் நிரப்பினேன்.

பெரிய மேடம் தினமும் மாலை வருவார். முதலில் தாளைப் பார்ப்பார், பிறகு அப்பாவைப் பார்ப்பார்.

"எதுவும் உள்ள போகலம்மா," என்பார் பெரியவர்.

"ஏம்பா இப்படிப் பண்றீங்க? மூணு வேளையும் முழுசா சாப்பிட்டிருக்கீங்க. நான் பக்கத்துல உக்காரணும்னா நேரா கேளுங்க. அதுக்கு எதுக்குப் பொய்?"

நான் பக்கத்துக் கட்டிலில் எழுதிக்கொண்டிருப்பேன். பெரியவருடைய அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். என் பேச்சை யாரும் நம்பாத நாட்களில் நான் கண்ணாடியில் பார்த்த முகம்தான். அந்த முகத்தை மகள் தினமும் தன் கையாலேயே உண்டாக்கிக்கொண்டிருந்தார். எனக்கு அது பிடித்திருந்தது, மறைக்கவில்லை.

எடை குறைந்திருக்குமே, ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். சத்துக் குறைந்தால் உடம்பில் நீர் கோக்கும். கால் இரண்டும் வீங்கின. எடைக்கருவி நீரையும் சேர்த்துத்தான் காட்டும். பயிற்சியில் எங்களுக்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. சொல்லிக்கொடுத்தவர் பெரிய மேடம்.

ஒரு வாரம் கழித்துப் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ தட்டைப் பாக்கறல்ல? நான் சாப்பிடலன்னு நீயாவது அவகிட்ட சொல்லும்மா."

"சொல்றேன் ஐயா."

"நீ நம்பறியா என்னை?"

"நம்பறேன் ஐயா."

அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். பதினோராம் நாள் மதியம் தம் கட்டிப் பாதித் தட்டு சாப்பிட்டார். வேர்த்துக் கொட்டியது. "இன்னிக்கு நிஜமாவே பாதி. அதையாவது எழுதிடும்மா," என்றார். எழுதுகிறேன் என்றேன். அதற்குப் பிறகு அவர் மகளிடம் எதுவும் சொல்வதை நிறுத்திவிட்டார். முதுகில் வந்த படுக்கைப்புண் ஆறவில்லை, காய்ச்சல் கண்டது. இருபத்துமூன்றாம் நாள் காலை இறந்தார்.

தட்டு எடுக்கும் அக்கா, அந்தக் கட்டில் தட்டு வந்தபடியே திரும்பும் என்று சொன்ன பிறகுதான் நீங்கள் விசாரிக்க வந்தீர்கள். பழைய சிவப்புக்கோட்டுத் தாளும் உங்கள் கையில் கிடைத்தது. பயிற்சி மாணவி பழைய பழக்கத்தில் மறுபடி தலைகீழாக நிரப்பிவிட்டாள், கவனக்குறைவு, எச்சரித்து அனுப்பலாம் என்று முடிவுக்கு வந்திருக்கிறீர்கள். எனக்கு நல்லதுதான். வாயை மூடிக்கொண்டு போயிருப்பேன்.

நேற்று பெரிய மேடம் என் அறைக்கு வந்தார். தலை வாரவில்லை. "அன்னிக்கு நீ கொண்டுவந்த தாளை நான் பாத்திருந்தா உனக்கு இந்தக் குழப்பமே வந்திருக்காது. உன் மேல தப்பில்லம்மா. அப்பாவைக் கொன்னது நான்தான். குழுவுக்கும் அப்படியே எழுதிக் குடுத்துட்டேன்," என்று அழுதார். என் தலையைத் தடவிக்கொடுத்தார். ஏழு மாதம் பாடுபட்டு எழுத்துப் பிசகாமல் வேலை கற்றவளை, மறுபடியும் தட்டைப் பார்த்து எழுதத் தெரியாதவளாக ஆக்கிவிட்டுப் போனார். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆகவே பதினோராம் நாள் மதிய வட்டத்தைப் பாருங்கள். பாதி சாப்பிட்டவருக்குத் தலைகீழாக நிரப்பினாலும் பாதிதான் வரும். அங்கே முழு வட்டம் இருக்கிறது. அதே வார்டில் நான் நிரப்பிய மற்ற பதினான்கு பேருடைய தாளையும் எடுத்துப் பாருங்கள், ஒரு கோடுகூடத் தப்பியிருக்காது. கவனக்குறைவு என்ற சொல்லை அடித்துவிடுங்கள். அறுபத்தாறு வேளை, தட்டைப் பார்த்து, தெரிந்து, நான்தான் நிரப்பினேன். அவர் பட்டினியில் சாவார் என்று நான்காம் நாளே எனக்குத் தெரியும்.

பெரியவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. பெற்ற மகளே பொய் என்று சொன்னபோதும், கடைசி நாள்வரை அவர் பேச்சை நம்பிய ஒரே ஆள் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.