லயத்தில் வாசித்த தலையங்கம்

— இஞ்ச பாரும் தங்கச்சி, தலையங்கத்தில கிடக்கு. 'பொறுமையாக வேலைக்குப் போங்கள்' எண்டுதான் நான் எழுதினனான். உம்மட மனுசன் அழகையா அதை எப்பிடி மாறி வாசிச்சவர்?

— எனக்கு எழுத்துத் தெரியாதுங்க ஐயா. எங்க தோட்டத்து லயத்து வரிசை வீடுகள்ல அவரு ஒருத்தருக்குத்தான் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் பேப்பர அவரு வாசிப்பாரு, நாங்க சுத்தி ஒக்காந்து கேப்போம்.

— சரி, என்ன வாசிச்சவர்?

— "மழை நாளுக்குத் தோட்டத்துத் துரை அரைச் சம்பளந்தான் போட்டிருக்காரு. முழுசாப் போடுற வரைக்கும் ஒருத்தரும் மலைக்குத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகாதீங்க, பதுளையில இருந்து ஆசிரியர் சொல்றேன்"னு வாசிச்சாருங்க. திங்கக்கிழமை காலையில வேலைக்குப் பேரு குடுக்குற பெரட்டுக்கு ஒரு ஆளு போகல.

— ஐயோ கடவுளே! என்ர பேரிலயோ?

— ஒங்க பேருன்னாத்தானுங்க ஆளுங்க கேக்கும்.

— இப்ப பொலிஸ் என்ன சொல்லுது?

— பேப்பர்ல இல்லாதத இட்டுக்கட்டிக் கலகம் மூட்டுனாருன்னு உள்ள வச்சிருக்காங்க. லயத்தக் காலி பண்ணச் சொல்லிட்டாரு துரை. புள்ளைங்கள வச்சுக்கிட்டு நான் எங்கங்க போவேன்? நாளைக்கு வர்ற பேப்பர்ல நீங்க ஒரு வார்த்தை போட்டாப் போதும்.

— என்னெண்டு?

— அது என் வார்த்தைதான், அவரு சும்மா வாசிச்சாருன்னு.

— நல்ல கதை! பிறகு என்னை உள்ள போடுவினம். தோட்டத்துத் துரைமார் தாற விளம்பரத்திலதான் இந்த அச்சகமே ஓடுது. அதுக்காகத்தானே பொறுமை எண்டு எழுதினனான்.

— அவரும் அதத்தாங்க சொன்னாரு. நேத்து பொலிசுல போய்ப் பாத்தேன்.

— என்ன சொன்னவர்?

— "பாவம் ஐயா, எழுத முடியாம இருக்காரு, எழுத விட்டா இப்பிடித்தான் எழுதுவாரு"ன்னு.

— எனக்குப் பாவம் பாக்கிறாரோ, அந்தாள்?

— கோவிச்சுக்காதீங்க. ஒங்க மேல எங்களுக்கு உசுருங்க. போன வருசம் கங்காணி நல்லம்மாவ அடிச்சப்ப நீங்க எழுதினீங்களே, அதக் கேட்டு ஆம்பளைங்கல்லாம் அழுதாங்க.

— நான் அதைப் பற்றி ஒரு வரியும் எழுதேல்லை.

— அதுவும் அவருதானுங்களா?

— அவராத்தான் இருக்கோணும்.

— அப்ப நான் வாறேங்க ஐயா. நமுனுகுல பஸ் போயிரும்.

— நில்லும். பொன்னையா! நாளைக்கெண்டு அச்சுக் கோத்து வச்ச தலையங்கத்தைக் கழட்டு. ஓம், முழுக்க. தங்கச்சி, இந்தக் கதிரையில இரும். போன கிழமை நான் என்ன எழுதினனான்? அழகையா வாசிச்சபடியே ஆறுதலாச் சொல்லும், நான் எழுதுறன்.