பில் இல்லாத வாட்சு

ஜெயசிங்: மொதல்ல சத்தத்தக் கொறையும் அண்ணாச்சி. கடைக்கு ஆளு வாரது போறது...

தாணுலிங்கம்: வரட்டும். சாத்தான்குளத்துல இருந்து பஸ் ஏறி வந்திருக்கேன், மெதுவாப் பேசுததுக்கா?

ஜெயசிங்: என்னன்னு சொல்லும்.

தாணுலிங்கம்: இந்தா. உம்ம கடையில வாங்குன ஃபாரின் வாட்சு. எம் மவ செல்லக்கிளி கல்யாணத்துக்கு மாப்பிளைக்குப் போட்டது. ஒரு வாரங்கூட ஓடல.

ஜெயசிங்: எங் கடையிலயா? நான் சோப்பு சீப்பு விக்கவன். வெளிய போர்டப் பாரும். சர்க்காரு சொன்ன மாதிரி ஒவ்வொண்ணுக்கும் வெல எழுதிப் போட்டிருக்கேன். வாட்சுன்னு அதுல இருக்கா?

பிச்சையா: போர்டுல இருக்கத யாரு கேட்டா? சோப்பு டப்பாவுக்குப் பின்னால இருக்கதக் கேக்கோம்.

ஜெயசிங்: இவரு...

தாணுலிங்கம்: எஞ் சம்மந்தி. மாப்பிளைக்கு அப்பா. ஹார்பர்ல வேல.

ஜெயசிங்: ஹார்பர்லயா... பாத்த ஞாவகமே இல்ல.

பிச்சையா: எனக்கும் இல்ல. நான் எதுக்கு இந்தப் பக்கம் வாரேன்.

தாணுலிங்கம்: வாட்சு வாங்குனா ஜெயசிங் கடையிலதான் வாங்கணும்னு சொன்னதே இவருதான்.

ஜெயசிங்: இந்தப் பக்கமே வராதவரா?

பிச்சையா: ஊருல பேசிக்கிடுதாங்க. அத விடும். மறுவீட்டு விருந்துல கொழுந்தியாமாரு மணி கேட்டிருக்காளுவ. எம் மவன் கையப் பாத்துப் பத்துன்னிருக்கான். அப்ப எல போட்டு மத்தியானச் சோறு வச்சாச்சு. பந்தி பூராவும் சிரிப்பு.

தாணுலிங்கம்: அன்னைக்கே மாப்பிள தனியாக் கெளம்பிட்டாரு. ஓடுத வாட்சு வந்தாத்தான் பொண்ணு வரணும்னு சம்மந்தி சொல்லிட்டாரு. புதுத் தாலியோட எம் மவ எங்க வீட்டுலயே இருக்கா அண்ணாச்சி. தெருவுல ஒவ்வொருத்தியும் என்ன ஏதுன்னு கேக்கா. எனக்குச் சோறு எறங்கல.

பிச்சையா: எம் மவன் மானம் போச்சே, அதுக்கு?

ஜெயசிங்: சரி... பில்லு இருக்கா?

தாணுலிங்கம்: பில்லா? அன்னைக்கு நீருதான சொன்னீரு, ஃபாரின் சாமானுக்குப் பில்லு போட்டா ரெண்டு பேரும் சேந்து ஜெயிலுக்குப் போவணும்னு.

ஜெயசிங்: சொன்னேம்லா. இந்த வியாபாரத்துல எவனும் எதையும் விக்கலாம், எவனும் எதையும் வாங்கலாம். அம்புட்டுச் சுதந்திரம். திருப்பிக் குடுக்கதுக்குத்தான் வழி கெடையாது.

பிச்சையா: வே, வாங்குதவனுக்குன்னு ஒரு உரிமை இருக்கு. ஊரு ஊரா சங்கம் வச்சுப் பேசுதாங்க இப்ப. துட்ட வாங்கிட்டு ஓட்டச் சாமானத் தள்ளிவிட்டா கேக்க ஆளில்லன்னு நெனச்சீரா?

ஜெயசிங்: வாங்குனது அவரு. நீரு ஏன் கேக்கீரு?

பிச்சையா: கட்டுதது எம் மவன்லா.

ஜெயசிங்: அப்ப துட்டு குடுத்தவருக்கு வாட்சு சொந்தமில்ல. சொந்தக்காரரு துட்டே குடுக்கல. நான் யாருக்குப் பதில் சொல்ல?

தாணுலிங்கம்: பேச்ச மாத்தாதேயும்.

ஜெயசிங்: கருப்பட்டி வியாபாரம்னு சொன்னீரே அன்னைக்கு. உடச்சுப் பாக்காம ஒரு கருப்பட்டி வாங்குவீரா? இத மட்டும் ஏன் பிரிச்சுப் பாக்கல?

தாணுலிங்கம்: சீல் வச்ச கவருல இருந்துது... சீல் பிரிச்சா ஃபாரின்னு சம்மந்தி வீட்டுல நம்ப மாட்டாங்களோன்னு அப்படியே தாம்பாளத்துல வச்சேன். எஞ் சீவியத்துல பிரிச்சுப் பாக்காம வாங்குனது இது ஒண்ணுதான்.

பிச்சையா: சீல் வச்சா உள்ள என்னத்தையும் வச்சுக் குடுக்கலாமா? இந்த ஆளுவளச் சும்மா விடக் கூடாது சம்மந்தி.

தாணுலிங்கம்: எங்க சந்தையில ஒரு வழக்கம் உண்டு அண்ணாச்சி. ஒவ்வொரு கருப்பட்டிச் சிப்பத்துலயும் அதக் காய்ச்சுனவன் அடையாளம் போட்டிருக்கும். உடச்சா உள்ள மண்ணுன்னு வையும்... அவனுக்கு ஆள் போவும். வந்து எல்லாரும் பாக்க, அந்தச் சிப்பத்தத் தலையில தூக்கிட்டுத் திரும்பிப் போவணும். அப்புறம் நல்ல சரக்கு கொண்டாரணும்.

ஜெயசிங்: நல்ல வழக்கமா இருக்கே. வாட்சுக்கும் அதையே வச்சுக்கிடுவமா?

தாணுலிங்கம்: அதத்தான் சொல்லுதேன். உமக்கு இத யாரு தந்தா? அவனக் கூப்பிடும்.

ஜெயசிங்: ஒங்க சம்மந்திக்குச் சம்மதமா?

பிச்சையா: அது... கருப்பட்டிக்கு உள்ள வழக்கம். வாட்சுக்கு எதுக்கு.

தாணுலிங்கம்: எதுக்கா?

பிச்சையா: கடத்தல்காரப் பயலுவ சம்மந்தி. கத்திய எடுத்தாலும் எடுப்பானுவ.

ஜெயசிங்: சேச்சே. எனக்குத் தந்தவரு மரியாதையான ஆளு. குடும்பஸ்தன்.

பிச்சையா: எந்திரியும் சம்மந்தி, பஸ்ஸுக்கு நேரமாச்சு. வாட்சு கெடந்தாக் கெடக்கு. மருமவள நாளைக்கே கொண்டாந்து விடும்.

தாணுலிங்கம்: வாட்சு இல்லாமலா?

பிச்சையா: வாட்சா வந்து எங்களுக்குச் சோறு பொங்கப் போவுது?

தாணுலிங்கம்: காலைல, ஓடுத வாட்சு இல்லாம வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னீரு...

பிச்சையா: கோவத்துல சொன்னது.

தாணுலிங்கம்: கோவத்துல சொன்ன ஒரு சொல்லுக்கா எம் புள்ள அம்புட்டு அழுதா... சரி. சந்தோசம் சம்மந்தி. நாளைக்கே கூட்டிட்டு வாரேன்.

பிச்சையா: அப்ப எந்திரியும்.

தாணுலிங்கம்: இரும். வாங்குதவனுக்கு உரிமை இருக்குன்னு நீருதான சொன்னீரு. இவ்வளவு நேரம் எனக்காவ நீரு சண்ட போட்டுட்டு, இப்ப நான் பாதியில விட்டா நல்லாவா இருக்கும்? அண்ணாச்சி, வாட்ச உமக்குத் தந்தது யாரு?

பிச்சையா: சம்மந்தி, வேண்டாம்...

ஜெயசிங்: நானும் எம்புட்டோ மறச்சுப் பாத்தேன். பிச்சையாண்ணாச்சி, உம்ம மகனுக்குன்னு முன்னாலயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நீரு கொண்டாந்து போட்ட சரக்குல இருந்து எடுத்துக் குடுத்திருப்பனா?