மேல வர வேண்டிய பேரு

...ரகசியம் என்ன தம்பி இருக்கு இதுல, கடைத்தெருவுக்கே தெரிஞ்சு போச்சு. அன்னிக்கி கடைக்குள்ள இருந்தது மொத்தம் அஞ்சு பேரு. நானு. எஞ் சம்சாரம். அவ தம்பி வைரக்கண்ணு. பாஸ்போர்ட்ட ஜெராக்ஸ் எடுக்க வந்த நூர்ஜஹான் டீச்சரு. அப்பறம் பலகாரம் போட்டு விக்கிற தங்கம்மாள். அஞ்சு பேருல எம் பக்கம் பேச ஒருத்தர் இல்ல. எல்லாம் இந்த ப்ளக்-இன்னால வந்தது.

ஒக்காருங்க, ஒக்காருங்க. ஒங்கப்பாவுக்கு அறுவதாங் கல்யாணப் பத்திரிகதான, அடிச்சித் தந்துடறேன். நடுவுல நடுவுல கை வேற எதையோ தட்டிக்கிட்டு இருக்கும், அதப் பாக்காதீங்க. அது வேற கணக்கு.

இது மொதல்ல எஸ்டிடி பூத்து தம்பி. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பேசணும்னு ரோடு வரைக்கும் வரிசை நிக்கும். அப்பறம் ஆளாளுக்கு செல்லு வந்துச்சு. பூத்துக்குள்ள ஜெராக்ஸ் மிஷின வச்சேன். இது திருக்கடையூரு, அறுவதும் எம்பதும் நடக்காத நாளு கெடயாது, பத்திரிக அடிச்சே பொழைக்கலாம்னு வைரக்கண்ணு சொன்னான். கம்ப்யூட்டர் போட்டேன். நான் படிச்சது எட்டாவது. இருந்தாலும் எங் கடைப் பத்திரிகையில ஒரு ஒத்தெழுத்து தப்பா இருந்துச்சுன்னு எவனும் திருப்பிக் கொண்டாந்ததில்ல. மூணு வாட்டி படிச்சிப் பாத்துட்டுத்தான் மிஷின்லயே ஏத்துவேன்.

எம் பொண்ணு எழில்மொழி சிங்கப்பூர்ல கம்ப்யூட்டர் வேலையில இருக்கா. அவ அங்க ஒக்காந்துக்கிட்டே இதுக்குள்ள பூந்து ஒண்ணு போட்டு விட்டா. லாஞ்சர்னு பேரு. ரெண்டு பட்டன சேத்து அமுக்குனா நடுவுல ஒல்லியா ஒரு கட்டம் வரும்... இந்தா, இதான். வேணுங்கறதோட மொத மூணு எழுத்து அடிச்சி எண்டர் தட்டுனா போதும், எங்க கெடந்தாலும் எடுத்து நீட்டும். மவுசப் புடிச்சிக்கிட்டு ஒவ்வொண்ணா தொறந்து தேட வேணாம். நல்ல சாமான்தான், நான் இல்லங்கல. அதோட விட்டிருக்கலாம்.

விடுவாளா. "அப்பா, இது வெறுங்கூடுப்பா, ப்ளக்-இன் சேத்தாத்தான் இதோட வேலையே தெரியும்"ன்னா. ப்ளக்குன்னதும் நான் செவத்தப் பாத்தேன். ஜெராக்ஸுக்கு ஒண்ணு, ஃபேனுக்கு ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு ஒண்ணு, எடமே இல்ல. மாயவரம் போயி ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கிட்டு வந்து, "வாங்கியாச்சு, சொருவட்டுமா"ன்னு போன் பண்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. வாயப் பொத்திக்கிட்டு சிரிச்சிருக்கா கழுத.

சிரிக்காதீங்க. ஒங்களுக்குத் தெரியும், நீங்க படிச்சவரு. ப்ளக்-இன்னுன்னா கண்ணுக்குத் தெரியாத சாமான். லாஞ்சருக்குத் தெரியாத வேலைய அதுக்குக் கத்துக் குடுக்குறது. கணக்கு போட ஒண்ணு, மழை பாக்க ஒண்ணு, ஆளுங்க பேரு எடுக்க ஒண்ணு. மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுற மாதிரி ஒண்ணொண்ணா போட்டு விட்டா.

போட்டதுலேருந்து வம்புதான். பத்திரிக மாதிரிய நான் '60', '80'ன்னு பேரு வச்சி எடுத்து வச்சிருக்கேன். அறுவதுன்னு அடிச்சா அறுவதாங் கல்யாண மாதிரி வரணும். இந்தக் கணக்கு ப்ளக்-இன் நடுவுல பூந்து, அறுவது சமம் அறுவதுங்குது. அது எனக்குத் தெரியாதா? எம்பது அடிச்சா எம்பது சமம் எம்பதுங்குது. இத சொல்றதுக்கு ஒரு மிஷினா... என்ன? ஆமா, அப்பறம் அவதான் சரி பண்ணிக் குடுத்தா.

அடுத்து மழை. தெனம் காலையில பாப்பேன், மத்தியானம் இடியோட மழைன்னு காட்டும். நானும் கொடயோடயே போயி கொடயோடயே வருவேன். வைரக்கண்ணு அறுப்பு முடிச்சி நெல்ல ரோட்டுல காயப் போடணும்னு வந்து கேட்டான். வேணாண்டா, மழை வருதுன்னேன். மூட்டையிலேயே போட்டு தார்ப்பாய மூடி வச்சான். வெயிலு அடிக்குது, ஊரே காய வைக்கிது, இவன் மட்டும் தார்ப்பாயக் காவல் காக்குறான். நெல்லு பூரா புழுங்கி நெறம் மாறிடுச்சு. கடைசியில பாத்தா அது சிங்கப்பூர் மழை தம்பி. எம் பொண்ணு அவ ஊரப் போட்டு வச்சிருக்கா. அன்னிலேருந்து மச்சான் என்னப் பாக்குற பார்வையே வேற. எங்கடா மாட்டுவான்னு இருந்தான்.

இருங்க... தட்டிடறேன்... ம். எங்க விட்டேன்?

பேரு. அந்தப் பேரு எடுக்குற ப்ளக்-இன் இருக்கே, அதான் எங் குடிய கெடுத்தது. எஞ் செல்லுல இருந்த பேரு, நம்பரு எல்லாத்தையும் அதுல ஏத்தி, தமிழ்லயும் மாத்தி விட்டுட்டா. குருக்களு, நாயனக்காரரு, சமையல்காரரு, யாருன்னாலும் மூணு எழுத்து அடிச்சா நம்பரு தெரியும். பத்திரிக தொறந்திருந்தா பேரு நேரா அதுல போயி ஒக்காந்துக்கும். கை நோவு மிச்சம்.

இப்ப எனக்கே அறுவது வந்துடுச்சி. வேணாம்னேன். ஊருக்கெல்லாம் அடிச்சிக் குடுத்தாலும் நமக்குன்னா கூச்சமா இருக்குல்ல. இந்த வயசுல மாலையப் போட்டுக்கிட்டு மணையில ஒக்காந்து, மறுபடி தாலி கட்டுறதுன்னா... பொண்ணு விடல, லீவு போட்டுட்டு வர்றேன்னுட்டா. சரின்னு எம் பத்திரிகைய நானே அடிச்சேன். எம் பேர அடிச்சேன், ரெங்கசாமி. சம்சாரம் பேரும் 'தங்க'ன்னுதான் ஆரம்பிக்கும். மொத மூணு எழுத்த அடிச்சி எண்டர் தட்டிட்டேன். ஊரான் பத்திரிகைய மூணு வாட்டி படிக்கிறவன், இத படிக்கவே இல்ல. வெக்கமா இருந்துச்சி தம்பி. தேதியப் பாத்தேன், முகூர்த்த நேரத்தப் பாத்தேன், பின்கோடு பாத்தேன். பேருகிட்ட கண்ணே போவல.

அடிச்சி அடுக்கி வச்சிட்டேன். சம்சாரம் பாக்க வந்தா, அவளோட வைரக்கண்ணும் வந்தான். அவ கண்ணாடிய வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டா. "டீச்சர், கொஞ்சம் படிங்களேன்"னு நூர்ஜஹான் டீச்சருகிட்ட நீட்டுனா. அந்த டீச்சருக்கு வகுப்புல படிக்கிற கொரலு. "நிகழும் மங்களகரமான"ன்னு ஆரம்பிச்சாங்க பாருங்க, எதுத்த டீக்கடையில கிளாச வச்சிட்டு கேக்குறாங்க. "ரெங்கசாமி, தங்கம்மாள் தம்பதியருக்கு"ன்னு வந்து நின்னாங்க.

நின்ன எடத்துல, வாசப்படியிலேருந்து ஒரு கொரலு. "ம், சொல்லுங்க"ன்னு.

தங்கம்மாள். நெசமா தம்பி. பேரச் சொன்னதும் தன்னத்தான் கூப்புடுறாங்கன்னு நெனச்சிக்கிச்சு. கையில டப்பாவோட நிக்கிது.

எஞ் சம்சாரம் டீச்சரப் பாத்தா, தங்கம்மாளப் பாத்தா, என்னப் பாத்தா. டீச்சரு பத்திரிகைய மடிச்சாங்க, விரிச்சாங்க, மறுபடி மடிச்சாங்க. வைரக்கண்ணு இருக்கானே, "அத்தான், அறுவதுக்கே ஆள மாத்திட்டீங்க, எம்பதுக்கு யாரு"ங்குறான். நெல்லு புழுங்குன ஆத்திரம் அது. தங்கம்மாளாவது சும்மா போயிருக்கலாம். டப்பாவ மேசையில வச்சிட்டு, "அண்ணே, வழக்கமா வாங்குறதுதான், எண்ணி வச்சிருக்கேன்"னு சொல்லிட்டுப் போவுது. வழக்கமாங்குற வார்த்தை அந்த நேரத்துல எதுக்கு?

பொண்ணுக்கு போனப் போட்டு சத்தம் போட்டேன். என்னா ப்ளக்-இன்னு போட்ட நீ, கட்டுன பொண்டாட்டிய விட்டுட்டு எவ பேரயோ எடுத்து வைக்கிதேன்னேன். அவ பொறுமையா சொல்றா. "அப்பா, அது தானா எதையும் பண்ணாது. நீங்க எந்தப் பேர அதிகமா கூப்புடுறீங்களோ அதத்தான் மேல கொண்டாந்து வைக்கும். தங்கம்மாளுன்னு நூத்தி நாப்பத்திமூணு வாட்டி எடுத்திருக்கீங்க. எதுக்குப்பா?"

போன்ல ஸ்பீக்கரு போட்டிருந்தேன். சம்சாரம் பக்கத்துலயே நிக்கிறா.

ஒங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. அதிரசம். எனக்கு சுகரு. வீட்டுல கேவுரு, கோதுமை, பாவக்கா. அந்தம்மா அதிரசம் சுட்டா வாயில போட்டா கரையும். அதுல சீனியே கெடயாது தம்பி, வெல்லந்தான். மூணு எழுத்து அடிச்சா நம்பரு வந்துடுது, கடைக்கே கொண்டாந்து குடுத்துடும். நான் என்ன பண்றது, அந்தப் பக்கம் போனா அந்தப் பழி, இந்தப் பக்கம் போனா இந்தக் குத்தம். எது கம்மின்னு பாத்து அதிரசத்தயே ஒத்துக்கிட்டேன். "இந்தா, சத்தியமா பலகாரத்துக்குத்தான், வேற ஒண்ணுமில்ல"ன்னேன்.

அவ அசரவே இல்ல. "அது எனக்குத் தெரியாதா? சட்டப் பையில எறும்பு ஊருனா தொவைக்கிறவளுக்குத் தெரியாமப் போவுமா. அத விடுங்க. அந்தப் பொட்டியில எம் பேரு எங்க இருக்கு?"ன்னா.

தேடுனேன். 'தங்க'ன்னு அடிச்சா தங்கம்மாள் மட்டும்தான் நிக்கிது. முழுசா அடிச்சிப் பாத்தேன், அப்படி ஒரு ஆளே இல்லங்குது. அவ நம்பர அடிச்சேன். வந்துச்சு. 'வீடு'ன்னு வந்துச்சு.

செல்லுல அப்படித்தான தம்பி எல்லாரும் போட்டு வைக்கிறாங்க. நீங்க எப்படி வச்சிருக்கீங்க?... அட சொல்லுங்க... சரி, வேணாம்.

"நான் வீடா?"ன்னா. "அப்ப வீட்டுக்கே கட்டிக்கங்க. நெலப்படியில மஞ்சக் கயிற சுத்திட்டு, அதுகூட மணையில ஒக்காருங்க"ன்னுட்டு தம்பியக் கூட்டிக்கிட்டு கெளம்பிட்டா. நாளன்னிக்கி முகூர்த்தம். குருக்களுக்கு சொல்லியாச்சு, மண்டபம் சொல்லியாச்சு, பத்திரிகையும் வேற அடிச்சாச்சு, பேரு சரியா இருக்கு. தாலி கட்ட கழுத்துதான் வருமான்னு தெரியல.

அவ போட்ட கண்டிசன் ஒண்ணு. அந்தப் பொட்டியில மூணு எழுத்து அடிச்சா எம் பேரு மொதல்ல வரணும், வந்தாத்தான் மணையில ஒக்காருவேன்னுட்டா. எழிலு, "ரெண்டு நிமிசத்துல நான் மாத்தி விடறேம்மா, தானா திருப்பித் திருப்பி அடிக்கிறதுக்குக் கூட ஒரு ப்ளக்-இன் இருக்கு"ன்னா. "நீ கைய வைக்காத. அவங்களே அடிக்கட்டும். ஒவ்வொண்ணா"ன்னுட்டா இவ.

'வீடு'ன்னு இருந்தத அவ பேரா மாத்திட்டு, அதான் தட்டிக்கிட்டே இருக்கேன். முழுப் பேரா அடிச்சி எண்டர் தட்டுனா ஒண்ணு கூடும். பேருக்குப் பக்கத்துல எண்ணிக்கை காட்டுது பாருங்க. நூத்தி இருபத்தஞ்சு ஆயிருக்கு. தங்கம்மாளத் தாண்டணும்னா இன்னும் பத்தொம்பது... தங்கம்மாள அழிச்சிட்டா வேல முடிஞ்சிதா? அதான் எழிலும் சொன்னா. அழிச்சா நம்பரு போயிடுமே தம்பி. எனக்கு மனப்பாடம் இல்ல.

பேரு என்னவா? அவ பேரா?

தங்கப்பொண்ணு.

சிரிக்கிறீங்க. இவ்ளோ வருசத்துல 'இந்தா', 'இஞ்ச வா'ங்கறதத் தவிர வேற கூப்ட்டதில்ல. இப்ப அடிக்க அடிக்க வாயும் கூடவே சொல்லுது. யாரும் இல்லாத நேரமாப் பாத்துத்தான் சொல்லிக்கிறேன்.

சரி, ஒங்க வேலைக்கு வருவோம். அப்பா பேரு வந்துடுச்சி. அம்மா பேரு சொல்லுங்க... பாப்பாவா? அது வீட்டுல கூப்புடுறது, ரேசன் கார்டுல என்ன இருக்கு?... ராஜேஸ்வரியா, ராஜலட்சுமியா? என்ன தம்பி, இப்படி முழிக்கிறீங்க... அப்பாவுக்கு போன் போட்டுக் கேக்குறீங்களா. கேளுங்க. வெளிய போயிக் கேளுங்க, உள்ள சிக்னல் கெடைக்காது. அவருக்காவது தெரியுதான்னு பாப்போம்.

தங்க... அய்ய, பழக்கத்துல மூணு எழுத்தோட தட்டிட்டேன். போச்சு, தங்கம்மாளுக்கு ஒண்ணு கூடிப் போச்சு. இப்ப இருபது ஆயிடுச்சி. பொறுமையா அடிக்கணும். தங்கப்பொண்ணு. தங்கப்பொண்ணு. தங்கப்பொண்ணு.

தம்பி?... ஆளக் காணும். மாயவரம் பஸ்ஸுல ஏறுற மாதிரி இருக்கு. அம்மா பேர நேராவே கேட்டுட்டு வரட்டும்.

அலோ... ஆமா, கடையிலதான். அதான் பண்ணிக்கிட்டு இருக்கேன்... சாப்ட்டேன்... என்னது, டெய்லருகிட்டேருந்து ஜாக்கெட்டு வந்துடுச்சா? அளவு சரியா இருக்கா?... அப்ப, மணையில ஒக்கார... இல்ல இல்ல, நான் ஒண்ணும் கேக்கல. அடிச்சி முடிச்சிட்டே வர்றேன்... எத்தன பாக்கியா?

பதினேழு.