முப்பதாவது சீட்டு

எங்கள் மருத்துவமனையில் என் அளவுக்குக் கவனமாகத் தவறு செய்தவர் ஒருவரும் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, ஐயா. மற்றவர்கள் தவறு செய்தால் அது எங்கே போய் நிற்கும் என்று அவர்களுக்கே தெரியாது. என் தவறு ஒவ்வொன்றுக்கும் புறப்படும் நேரம், போய்ச் சேரும் வார்டு, திரும்பி வரும் நேரம் எல்லாம் ரயில் அட்டவணை மாதிரி குறித்திருக்கும். இருபத்தொன்பது தடவை ஒரு நிமிடம்கூடப் பிசகியதில்லை.

என் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்பவரைக் கொஞ்சம் நிதானமாக அடிக்கச் சொல்லுங்கள். எனக்கு அவசரம் இல்லை.

நான் மருந்தாளுநர். ஆறு வருடப் படிப்பு. மருத்துவர் எழுதுவதைக் கணினியில் ஏற்றி, மருந்தை அளந்து, வார்டுக்கு அனுப்புவது என் வேலை. எங்கள் பிரிவில் எனக்கு மூத்தவர் ஒருவர் உண்டு. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தீவிர சிகிச்சை மருந்தியலில் தேர்வெழுதி, வாரியத்தின் நிபுணர் சான்றிதழ் வாங்கியவர். பெயருக்குப் பின்னால் அந்தச் சான்றிதழைக் குறிக்கும் ஐந்து எழுத்தைப் போட்டுக்கொள்வார். அதனால் அவர் முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் ஐந்தெழுத்து. வைத்தவன் நான்தான்.

அவரிடம் ஒரு பழக்கம். எந்த அளவைப் பார்த்தாலும் எண் மேல் விரலை வைத்து, ஒன்றாம் வகுப்புக் குழந்தை மாதிரி வாய்விட்டுப் படிப்பார். "சைபர், புள்ளி, இரண்டு, ஐந்து." உணவகத்தில் நான் இதை நடித்துக் காட்டாத நாள் கிடையாது. அங்கே விலைப் பலகையில் விரல் வைத்து, "டீ, ஒன்று, சர்க்கரை, புள்ளி, அரை" என்பேன். லேப்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஒரு தடவை அக்கா பின்னால் நின்று கேட்டுவிட்டார். "நல்லாத்தான் பண்றே. கவுன்ட்டர்லயும் இதே மாதிரி பண்ணு தம்பி," என்று டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆறு வருடம் படித்தவனுக்கு ஐந்து எழுத்து எதற்கு என்பது என் கட்சி. இன்றும் அதே கட்சிதான். அந்தச் சான்றிதழ் வெறும் காகிதம் என்பதை ஊருக்கு நிரூபிக்க ஒரே வழி, என்னைப் போன்ற ஒருவன் அதை வாங்கிக் காட்டுவது. அதற்காகத்தான் விண்ணப்பித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கையெழுத்துக்குப் பின்னால் அந்த ஐந்து எழுத்தையும் சேர்த்து ஒரு நோட்டு முழுக்கப் போட்டுப் பார்த்தது உண்மைதான். என் மேசையில் நீங்கள் எடுத்த நோட்டு அது. கேலி செய்வதற்கும் பயிற்சி வேண்டும்.

விண்ணப்பத்தில் ஒரு நிபந்தனை. நோயாளியைப் போய்ச் சேரும் முன் நாமே கண்டுபிடித்துத் தடுத்த மருந்துப் பிழைகள் முப்பது காட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. பிழை என்ன, எத்தனை மணிக்குத் தடுத்தோம், சாட்சியாக வார்டு செவிலியர் கையெழுத்து. நியாயமான நிபந்தனைதான். ஆனால் அக்கா வேலை பார்க்கும் இடத்தில் பிழைக்கு எங்கே போவது? எல்லாவற்றையும் அவரே விரல் வைத்துப் பிடித்துவிடுகிறார். நான்கு மாதம் காத்திருந்தேன். ஒன்றுகூடச் சிக்கவில்லை.

கிடைக்காத பொருளை நாமே தயாரித்துக்கொள்வது மருந்தாளுநரின் அடிப்படைத் தொழில்.

முறை சுலபம். அக்காவின் பணி நேரம் முடிந்ததும், ஏதாவது ஒரு மருந்தின் அளவில் புள்ளியை ஒரு இடம் நகர்த்தி அனுப்புவேன். இருபது நிமிடம் கழித்து வார்டுக்குப் போன். "சிஸ்டர், அந்த மருந்தைக் குடுத்துடாதீங்க. அளவுல ஒரு சந்தேகம்." அவர் பார்த்துவிட்டு, "அய்யோ, நல்ல வேளை தம்பி. நீங்க நல்லா இருக்கணும்" என்பார். இருபத்தொன்பது தடவை வாழ்த்தியிருக்கிறார்கள். ஒருவருக்கும் தலைவலிகூட வரவில்லை. இதில் குற்றம் எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நடுவில் ஒரு நாள் அக்கா வீட்டுக்குக் கிளம்பியவர், குடையை மறந்து திரும்பி வந்தார். தட்டில் இருந்த என் மருந்தைப் பார்த்தார். விரல் வைத்தார். "புள்ளி நகர்ந்திருக்கு தம்பி. களைப்பா இருந்தா சொல்லு, நான் இருந்து பாத்துக்கிறேன்," என்றார். சீட்டு எழுதவில்லையா என்று கேட்டேன். "எழுதுறதுக்கா பிடிக்கிறோம்?" என்றார். ஒரு நல்ல பிழை வீணாய்ப் போனது.

இனி பதினான்காம் படுக்கை. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். இதயத் துடிப்புக்கு ஒரு திரவ மருந்து. அதைச் சிறு குழலில் அளந்து அனுப்புவோம், வாய்வழியாகக் கொடுப்பார்கள். மருந்து விவரம் கேட்க நானே ஒரு தடவை போயிருக்கிறேன்.

"தம்பி டாக்டரா?"

"இல்லீங்க. மருந்தாளுநர்."

"எவ்வளவு படிப்பு?"

"ஆறு வருஷம்."

"மாத்திரை எண்ணவா? டிக்கெட் கிழிக்க எனக்கு ஆறு நாள்தான் ஆச்சு. நீ கொஞ்சம் மந்தம் போல," என்று சிரித்தார். பக்கத்தில் இருந்த மகள், "அப்பா, சும்மா இருங்கப்பா. தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. வீட்டுக்கு வர்றவங்க எல்லாரையும் இப்படித்தான் வம்பிழுப்பாரு," என்றாள்.

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரைத் தேர்ந்தெடுத்ததற்கும் அந்தப் பேச்சுக்கும் தொடர்பில்லை. அவர் மருந்தின் அளவில் புள்ளி இருந்தது, அவ்வளவுதான்.

அன்று அக்கா விடுப்பு. சான்றிதழைப் புதுப்பிக்கும் வகுப்புக்குப் போயிருந்தார். மருத்துவர் எழுதியது சைபர் புள்ளி இரண்டு ஐந்து மில்லி. நான் இரண்டு புள்ளி ஐந்து என்று ஏற்றி அனுப்பினேன். வார்டில் பதினொன்றரைக்குத்தான் மருந்து கொடுப்பார்கள். பதினொன்று இருபதுக்குப் போன் செய்ய வேண்டும். கையில் நேரம் இருந்ததால் சீட்டை முன்கூட்டியே எழுதிவைத்தேன். "நேரம் 11.20. பிழை தடுக்கப்பட்டது." முப்பதாவது என்பதால் கையெழுத்தைக் கொஞ்சம் அழகாகவே போட்டேன்.

சரியாகப் பதினொன்று இருபதுக்குக் கூப்பிட்டேன்.

"பதினாலா? அப்பவே குடுத்தாச்சே தம்பி. வார்டைக் கழுவி விடணும்னாங்க, அதனால பத்து ஐம்பதுக்கே எல்லாருக்கும் குடுத்து முடிச்சிட்டோம். ஏன், ஏதாவது பிரச்சினையா?"

அந்த மருந்தின் வேகத்தை முறிக்கும் மருந்து எங்கள் அலமாரியிலேயே இருந்தது. மூன்றாவது தட்டு, இடது பக்கம். நான்கு மணி நேரம் அவகாசம் உண்டு. எனக்கு இதெல்லாம் தெரியும், ஆறு வருடம் படித்தவன்.

ஆனால் சீட்டில் மை காய்ந்துவிட்டது.

"ஒண்ணும் இல்ல சிஸ்டர். சும்மா கேட்டேன்," என்றேன். மதியம் மேலே போய், வேறு தாள்களோடு சேர்த்து அந்தச் சீட்டையும் நீட்டினேன். சிஸ்டர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். பதினான்காம் படுக்கையில் கண்டக்டர் தூங்கிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்றுதான் மகளும் சொன்னாள். ஐந்தரை மணிக்கு இறந்துபோனார்.

மறுநாள் அக்கா வந்து என் சீட்டுக் கட்டைக் கேட்டார். கடைசிச் சீட்டில் விரலை வைத்தார். "பதினொன்று, புள்ளி, இரண்டு, சைபர்." பிறகு வார்டுத் தாளில். "பத்து, புள்ளி, ஐந்து, சைபர்." இரண்டு தடவை படித்தார். என்னைத் திட்டவில்லை. உட்கார நாற்காலியைத் தேடினார். உங்களுக்குப் போன் செய்தது அவர்தான்.

ஆக, நான்தான் செய்தேன். வார்டைச் சொல்லாமல் கழுவியவர்களை யாரும் விசாரிக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மன்னிப்புக் கேட்க நான் வரவில்லை. அந்தச் சான்றிதழ் ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதை நிரூபித்திருக்கிறேன். யாராவது ஒருவர் நிரூபிக்க வேண்டியிருந்தது.

தாளைக் கொடுங்கள், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.

இரண்டாம் பக்கம், ஏழாம் வரி. விரலைப் பார்க்காதீர்கள் ஐயா, இங்கே வெளிச்சம் குறைவு. சைபர், புள்ளி, சைபர், இரண்டு, ஐந்து.

மருத்துவர் எழுதியது சைபர் புள்ளி இரண்டு ஐந்து. தட்டச்சில் ஒரு சைபர் கூடியிருக்கிறது. நான் பார்க்காமல் விட்டிருந்தால் இப்படியே நீதிமன்றம் வரை போயிருக்கும்.

என் சட்டைப் பையில் ஒரு வெற்றுச் சீட்டு இருக்கிறது. மணி நான்கு பத்து என்று போட்டுக்கொள்கிறேன். சாட்சி என்ற இடத்தில் மட்டும் நீங்கள் ஒரு கையெழுத்துப் போடுங்கள். படித்துப் பார்த்தே போடலாம், ஐயா. இது நான் வைத்த பிழை இல்லை.