அடைத்துவிட்ட ரப்பர் குழாய்

ஜெலுத்தோங் பாசார் அருகே, பொதுத் தொலைபேசி வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பட்டறைக்காரர்கள் நின்றார்கள்.

“டர்போகிட்ட சின்ன ரப்பர் குழாய் ஒழுகுச்சுண்ணே. கழட்டிட்டு, குழாய் வாயில ஸ்குரூ வச்சு அடைச்சிட்டேன்” என்றார் இளையவர்.

“வேஸ்ட்கேட் குழாயா? ஸ்குரூ ஒன் மண்டைக்குத்தான் வேணும். அந்தக் காத்து தள்ளினாத்தானே வால்வு தொறந்து, மிச்சப் புகை டர்போவுக்குப் போகாம வெளியேறும்? இல்லாட்டி டர்போ திணிக்கிற காத்தழுத்தம், அந்த பூஸ்ட், ஏறிக்கிட்டே போயி எஞ்சின் வெடிச்சிரும்லா. யாரு காடி?”

“மச்சானோட காருண்ணே. அதுலதான் அக்காவும் பிள்ளையும் அவரோட ஈப்போ டவுனுக்குக் கெளம்புறாங்க.”

இளையவர் காசு போட்டு வீட்டுக்குப் பேசினார். பேசி முடித்தும் ரிசீவரை மாட்டவில்லை.

“அம்மாதான் எடுத்தாங்க. அக்காவெல்லாம் கெளம்பிப் போயிட்டாங்களாம். ‘தம்பி கை வச்சதுலருந்து காடி பறக்குது’ன்னு மச்சான் சொன்னாராம்.”