மூன்றாம் குளிரறையிலிருந்து வந்த எண்கள்

பேய் இருட்டில்தான் வரும் என்று யார் சொன்னது? இது நடந்தது பட்டப்பகலில். மெழுகுவத்தியை இப்படித் தள்ளி வை... கரண்ட் வர இன்னும் நேரம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை. மதியம் ஒன்றரை. தொழுகை முடிந்து போர்ட் சயீத் முழுக்கச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும் நேரம். மீன் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு நாய்கூட இல்லை. அந்தச் சாலையின் கடைசியில் ஒரு மீன் குளிர்கிடங்கு. அதன் அலுவலக அறையில் என் நண்பன் ஹில்மியின் சித்தப்பா மகன் ஸஃப்வத் உட்கார்ந்திருந்தான். தொலைபேசி வேலை செய்பவன்.

கிடங்கில் இருந்தது முப்பது வருடப் பழைய தொலைபேசிப் பெட்டி. தலைமை அலுவலகத்தில் புதிய இணையப் போன்கள். மாலை ஐந்துக்குள் இரண்டையும் இணைக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை சொதப்பியிருந்தான். இந்த முறையும் சொதப்பினால் வேலை போய்விடும்.

கோளாறு இதுதான்: பொத்தானை ஒரு முறை அழுத்தினால் பழைய பெட்டி இரண்டு முறை கேட்டது. அழுத்தும் ஒலி ஒரு பக்கம் போனது, அதே எண் செய்தியாக இன்னொரு பக்கம் போனது, கிழட்டுப் பெட்டி இரண்டையும் விழுங்கியது. போதாததற்கு, மனிதக் குரலையும் சில சமயம் எண் என்று எடுத்துக்கொண்டது. அதனால் ஸஃப்வத் குரல் வரும் வழியை அடைத்தான். மணியையும் நிறுத்தினான். திரையில் எண்கள் மட்டும் விழும்.

காவலாளி பயூமியைக் கூப்பிட்டான். கிழவர் யாரையும் மரியாதைக்கு ‘பாஷா’ என்றுதான் அழைப்பார்.

“பெரியவரே, ஒவ்வொரு போனா போய் எல்லாப் பொத்தானையும் வரிசையா அமுக்குங்க. பேசாதீங்க. கத்தினாலும் எனக்குக் கேட்காது.”

“என் வீட்டுக்காரிக்கும் இப்படி ஒண்ணு மாட்டிக் குடு பாஷா. தினம் ஒரு மீன் தரேன்.”

“மூணாவது குளிரறையிலயும் ஒரு போன் இருக்கு. விட்டுடாதீங்க.”

பயூமியின் சிரிப்பு நின்றது. “அந்தக் கதவு உள்ளேருந்து திறக்காது பாஷா. வெளியே ஒருத்தர் நிக்கணும்.”

“கல்லை முட்டுக் குடுத்துட்டுப் போங்க. நான் நகர முடியாது.”

எண்கள் வந்தன. ஒவ்வொரு போனிலிருந்தும், எல்லாம் இரட்டை இரட்டையாக. கடைசியாக மூன்றாம் குளிரறை. ஸஃப்வத் ஒலி போகும் பாதையை மூடி, செய்தியை மட்டும் விட்டான். இப்போது ஒற்றையாக வந்தன... ஏழு. எட்டு. ஒன்பது. பூஜ்யம். துள்ளிக் குதித்தான்.

பிறகு மறுபடியும் பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம்.

பூஜ்யம் என்றால் அலுவலக மேசையைக் கூப்பிடும் எண்.

கிழவன் விளையாடுகிறான் என்று நினைத்தான். அப்புறம், பொத்தான் சிக்கிக்கொண்டது என்று நினைத்தான். எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம்... நாற்பது தப்படிதான். பார்க்கவில்லை. ஐந்து மணிவரை பூஜ்யம் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் அந்த அறையிலிருந்து வரும் எதையும் ஏற்காதே என்று பெட்டிக்கு உத்தரவு கொடுத்தான். திரை சுத்தமானது. முதலாளி போனிலேயே பாராட்டினார்.

சனிக்கிழமை காலை கதவைத் திறந்தார்கள். முட்டுக் கொடுத்த கல் ஈரத்தில் வழுக்கியிருந்தது. பொத்தானிலிருந்து பயூமியின் விரலைப் பிரித்தபோது தோல் அங்கேயே தங்கிவிட்டது. மூன்று மணிக்கு முன்பே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர்.

மூன்று மணிக்கு முன்பே.

ஸஃப்வத் திரையில் இருந்ததையெல்லாம் அழித்தான். போலீஸிடம், “காலையிலயே வீட்டுக்குப் போகச் சொல்லிட்டேன். மீன் திருட உள்ளே போயிருப்பார்” என்றான். அப்படியே எழுதிக்கொண்டார்கள். பயூமி திருடனானார். சந்துப் பிள்ளைகள் அவர் வீட்டு வாசலில் மீன் தலைகளை எறிந்தார்கள்.

நாற்பதாம் நாள் சடங்கை வெள்ளிக்கிழமை வைத்தாள் மனைவி அதியாத். யார் மீதும் புகார் இல்லை என்ற தாளில் அவள் கைநாட்டை வாங்க நிறுவனம் ஸஃப்வத்தைத்தான் அனுப்பியது. புகார் வந்தால் விசாரணை வரும். விசாரணை வந்தால் அவன் சிறைக்குப் போவான். இதுவரை சொன்னது ஸஃப்வத் ஹில்மியிடம் ஒப்புக்கொண்டது; இதற்கு மேல் நடந்தது எனக்கே தெரியும். என் மனைவி அந்தச் சந்தில் பிறந்தவள். அன்று அந்த அறையில் இருந்தாள். அப்போது அவளுக்கு ஏழு மாதம்.

பெண்கள் கருப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பிலிருந்து கசப்புக் காப்பி மணம். அதியாத் தாளைக் கையில் வாங்கவில்லை.

“நீங்க போன் வேலை செய்யறவர்தானே தம்பி? எங்க போன்ல ஒரு கோளாறு. வெள்ளிக்கிழமை ஒன்றரைக்கு அடிக்குது. யாரும் பேசறதில்லை. பொத்தான் அமுக்கற சத்தம் மட்டும் வருது.”

சொல்லி முடிக்கவில்லை. போன் அடித்தது.

ரிசீவரை அவனிடம் நீட்டினாள். காதில் வைத்தான். என் மனைவி சொல்வாள், அவன் காது மடல் வெள்ளையானதை அவள் பார்த்தாளாம்.

“லைன் கோளாறும்மா. ஒண்ணுமில்லை. கைநாட்டு வைங்க.”

“அப்படியா?” அதியாத் மடியிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தாள். “ஒவ்வொரு சத்தமும் எந்தப் பொத்தான்னு எங்க போன்லயே அமுக்கி அமுக்கித் தேடினோம். என் பொண்ணு எழுதினா. வாரத்துக்கு ரெண்டு மூணுதான் பிடிக்க முடிஞ்சுது. போன வாரம் பதினொண்ணும் சேர்ந்துடுச்சு. நம்ம ஊர்க் கைபேசி நம்பரும் பதினொண்ணுதானே.”

அழுத்தினாள். நிதானமாக, ஒவ்வொன்றாக.

ஸஃப்வத்தின் சட்டைப் பையில் மணி அடித்தது.

அவன் எடுக்கவில்லை. கைகள் முழங்கால் மேல் கிடந்தன, எல்லோரும் பார்த்தார்கள். பை அடித்துக்கொண்டே இருந்தது. ஆனால் அதியாத், ரிசீவரைக் காதில் அழுத்தியபடி, மெல்லச் சொன்னாள்:

“எடுத்துட்டாங்க.”

வெகுநேரம் கேட்டாள். நடுவில் ஒரே ஒரு தரம், “அவ்வளவு நேரமா?” என்று கேட்டாள். பிறகு ரிசீவரை வைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“கதவைச் சாத்துங்கடி.”

வயிற்றில் பிள்ளை இருப்பதால் என் மனைவியை மட்டும் வெளியே அனுப்பினார்கள்.

ஸஃப்வத்தின் வண்டி ஞாயிறுவரை அந்தச் சந்து முனையில் நின்றது. ஹில்மி போய் வீடு வீடாகக் கேட்டான். யாரும் பார்க்கவில்லை என்றார்கள். என் மனைவியும் அவனிடம் அதையேதான் சொன்னாள். என்னிடம் சொன்னது ஒன்றுதான்... அன்று மாலை அதியாத் வீட்டு வாசலுக்கு, மீனுக்குப் போடும் ஐஸ்கட்டி ஏற்றிய வண்டி மூன்று முறை வந்து போனதாம்.