சுகந்தாவின் தகடு

கப்பலில் கிடைத்த சாப்பாட்டைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. தேங்காய்ச் சம்பல் மட்டும் கிடைக்கவில்லை. அதைக் குறையாகச் சொல்வது நியாயமும் அல்ல. படுக்கை விரிப்பைத் தினமும் மாற்றினார்கள். துவாலையை மடித்து யானை, கொக்கு என்று ஏதாவது ஓர் உருவம் செய்து கட்டிலில் வைத்துவிட்டுப் போவார்கள். என் மனைவி சுகந்தா அவற்றைப் பிரிக்க மனமில்லாமல் நாற்காலியில் அடுக்கிவைத்தாள். நான் குளித்துவிட்டு வந்து பழைய சட்டையால் தலை துவட்டினேன். கோபப்படவில்லை. நான் கோபக்காரன் அல்ல என்பதை என்னோடு வேலை செய்த எவரும் சொல்வார்கள்.

அந்தப் பயணமே என் கம்பனி தந்த பிரியாவிடைப் பரிசுதான். புஜைராத் துறைமுகத்தில் எண்ணெய்க் கப்பல்களுக்கு நேரம் குறிக்கும் ஒரு கம்பனியில் வேலை பார்த்தேன். கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்பது எனக்குப் பஞ்சாங்கம் போல மனப்பாடம். இந்த வளைகுடா நாட்டில் வேலை முடிந்தால் விசா முடியும். விசா முடிந்தால் வீடும் முடியும். ஊரில், கொக்குவிலில், எங்கள் வீடு பூட்டிக் கிடந்தது. இருவரும் போய் அதைத் திறப்போம் என்று நினைத்திருந்தேன். அவளும் அப்படித்தான் நினைக்கிறாள் என்று எண்ணியிருந்தேன். கேட்டுப் பார்க்கவில்லை.

மேல்தளத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவளாகவே சொன்னாள்.

"இஞ்சருங்கோ, துவாரகன் எனக்குப் போட்ட ஸ்பான்சர் சரிவந்திட்டுது."

துவாரகன் எங்கள் ஒரே மகன். டொரன்டோவில் இருக்கிறான். ஸ்பான்சர் சரிவந்தால் அங்கேயே போய் நிரந்தரமாகத் தங்கலாம்.

"எனக்கு?" என்றேன்.

"உங்களுக்குப் போடச் சொல்லி நான் கேக்கேல்லை."

"ஏன்?"

"உங்களுக்குத்தான் ஆக்கள் கதைச்சால் இரைச்சலெல்லோ. கொக்குவில் வீட்டில அமைதியா இருங்கோ. நான் உங்களோட இவ்வளவு காலமும் தனியத்தான் இருந்தனான். இனிக் கொஞ்சம் ஆக்களோட இருந்து பாக்கிறன்."

சண்டைக் குரலில் சொல்லவில்லை. பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டே சொன்னாள். பிறகு, "சீனி காணுமோ?" என்று கேட்டாள். போதும் என்றேன்.

அவள் சொன்னதை நியாயமாகவே யோசித்துப் பார்த்தேன். தனியாக இருந்தேன் என்றாள். பக்கத்து அறையில் எப்போதும் ஓர் ஆளாக நான் இருந்திருக்கிறேன். இருமியிருக்கிறேன், செய்தி பார்த்திருக்கிறேன், மின்விளக்கை அணைத்திருக்கிறேன். அதற்குப் பெயர் தனிமை அல்ல. தனிமை என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாத ஒன்றை ஒருவர் மேல் பழியாகப் போடக்கூடாது.

மறுநாள் காலை கப்பல் ஒரு தீவுக்கு வெளியே நங்கூரம் போட்டது. வெள்ளை மணல், நட்டு வளர்த்த தென்னைகள், சாய்வு நாற்காலிகள். அங்கிருந்து படகுகளில் வெவ்வேறு இடங்களுக்குக் கூட்டிப்போவார்கள். எங்களுக்குக் கிடைத்தது மணல் திட்டு. கடல் வற்றும்போது மட்டும் நடுக்கடலில் தலை காட்டும் ஒரு நீண்ட மணல் முதுகு அது. ஏறும்போது இருந்த இடம் தெரியாது.

படகில் உதவியாளாக இருந்தவன் சரவணகுமார், இராமநாதபுரம் பக்கத்துப் பையன். தமிழ் கேட்டதும் முகம் மலர்ந்துபோனான். படகில் ஒரு பலகை, அதில் கொக்கிகள், ஒவ்வொரு கொக்கியிலும் இலக்கம் போட்ட பித்தளைத் தகடு. இறங்குகிறவர் தன் தகட்டை எடுத்து மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும். ஏறியதும் திரும்ப மாட்டவேண்டும். ஆட்கள் நீந்துவார்கள், இடம் மாறுவார்கள், தலைகளை எண்ணினால் கணக்குப் பிழையாகும் என்று அந்த ஏற்பாடு.

"அம்மா, தகட்டத் தொலைச்சுறாதீக. தகடு வரலைன்னா படகு நகராது. தகடு வந்துருச்சுன்னா ஆளு வரலைன்னாலும் போயிரும்" என்று சிரித்தான்.

"அப்ப இவரை விட்டிட்டுத் தகட்டை மட்டும் கொண்டுவாறன், தம்பி" என்றாள் சுகந்தா.

"ஐயா, உஷாரு. அம்மா பிளான் போட்டுட்டாக."

நானும் சிரித்தேன். அவள் பிறர் முன்னால் நன்றாகக் கதைப்பாள்.

திட்டில் இறங்கியதும் சங்கு பொறுக்க ஆரம்பித்தாள். "எனக்கு இது துலைஞ்சுபோம், நீங்கள் வைச்சிருங்கோ" என்று தகட்டைக் கழற்றித் தந்தாள். அதை நான் கேட்டு வாங்கவில்லை என்பதைக் குறிப்பிட விரும்புகிறேன். மணல் முதுகுக்கு அந்தப் பக்கம் சங்கு அதிகம் என்று சொன்னேன், அது உண்மை. படகு சுற்றி வந்து அங்கேயே ஏற்றும், வெயிலில் திரும்பி நடக்க வேண்டாம் என்றும் சொன்னேன். அது உண்மை அல்ல.

"நல்லதாப் போச்சு" என்றாள்.

என் பேச்சில் அவள் பல குறைகள் கண்டிருக்கிறாள். ஆனால் கடலைப் பற்றி நான் சொல்லும் எதையும் அவள் சந்தேகித்ததில்லை.

"யல்லா, யல்லா" என்று சரவணகுமார் அரபியில் அவசரப்படுத்திக் கூப்பிட்டபோது முதல் ஆட்களோடு ஏறி, இரண்டு தகடுகளையும் மாட்டினேன்.

"அம்மா எங்க, ஐயா?"

"கீழே படுத்திருக்கிறா. தலைச்சுற்று."

அவன் ஓடிப்போய் ஓர் எலுமிச்சம்பழம் கொண்டுவந்தான். "மோந்து பாக்கச் சொல்லுங்க, கேட்டுரும்." அதை வாங்கிக்கொண்டு படகின் கீழறைக்குப் போய்ச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். நல்ல வாசனையான பழம். மேலே வந்தபோது படகு நகர்ந்துகொண்டிருந்தது.

தீவில் மதியம் சுட்ட மீன் கொடுத்தார்கள். சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்தபின் சொல்லியிருந்தாலும் நேரம் இருந்தது. ஒரு படகு போய்வரப் போதுமான நேரம். சாய்வு நாற்காலியில் சாய்ந்தேன். கப்பலுக்குத் திரும்பும் கடைசிப் படகு புறப்படும் வேளையில்தான் எழுந்து போய், மனைவி கழிப்பறைப் பக்கம் போனாள், திரும்பவில்லை என்றேன். நான் காட்டிய இடத்தில்தான் தேடினார்கள். தென்னைகளுக்குப் பின்னால், உடை மாற்றும் கூடாரங்களில், பாறைகளுக்கு இடையில். ஒலிபெருக்கியில் அவள் பெயரைப் பிழையாக அழைத்தார்கள். நானும் கூடவே நடந்து சரியாக அழைத்தேன். திட்டு அப்போது இருந்திருக்காது. அவளுக்கு நீந்தவும் தெரியாது.

மறுநாள் மீனவர்கள் அவள் உடலைக் கண்டெடுத்தார்கள். தீவின் பாறையில் வழுக்கி விழுந்திருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. சரவணகுமாரின் சாட்சி உதவியாக இருந்தது. அம்மா படகில் திரும்பி வந்தாங்க, தகடு மாட்டியிருந்தது, எலுமிச்சம்பழம் நானே குடுத்தேன் என்று அழுதுகொண்டு சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை. இப்போதும் லீவு நாட்களில் போன் செய்வான். "ஐயா, சாப்டீகளா?" என்பான். வேறு ஒருவரும் அதைக் கேட்பதில்லை.

துவாரகன் வந்து காரியங்களைச் செய்தான். என் தோளில் முகத்தை வைத்து அழுதான். சிறுவயதில்கூட அவன் அப்படிச் செய்ததில்லை. எதுவானாலும் தாயிடம்தான் போவான்.

"அப்பா, நீங்கள் தனிய இருக்கவேண்டாம். என்னோட வாங்கோ. அம்மாவுக்கு எண்டு எடுத்த அறை சும்மாதான் கிடக்கு."

சரி என்றேன். இப்போது புஜைரா வீட்டில் பெட்டிகளுக்கு நடுவே இருந்து எழுதுகிறேன். கதிரை, மேசை எல்லாம் கொடுத்தாயிற்று. பக்கத்து அறையில் ஆள் இல்லாத வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் சத்தம் அவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று எனக்குத் தெரியாது. பொலிஸ் என்னை மரியாதையாக நடத்தியது. மனைவியைத் திட்டில் விட்டுவிட்டு வந்தீர்களா என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஆம், கடல் ஏறும் என்று தெரிந்துதான் விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லியிருப்பேன்.

ஒன்று மட்டும் மிச்சம். படகு திட்டின் முனையைச் சுற்றித் திரும்பியபோது எதிர்ப்பக்கம் டொல்பின்கள் துள்ளின. எல்லாரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். நான் பின்பக்கம் நின்றேன். சுகந்தா எழுந்து கைகாட்டினாள். நானும் காட்டினேன். படகு தன்னிடம் வரவில்லை என்று தெரிந்ததும் கையை இறக்கினாள். கத்தவில்லை, ஓடவில்லை. மடியில் இருந்த சங்குகள் விழுந்ததைக் குனிந்து பார்க்கவும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு நேரம் கண் எடுக்காமல் அவள் என்னைப் பார்த்தது எங்கள் வாழ்க்கையில் அன்றைக்குத்தான். என்னைப் பிரிய மனமில்லாமல்தான் அப்படி நின்றாள் என்று நினைக்கிறேன்.